டர்பன் வீட்டுக்கு எந்த ஸ்பேனியல்: காக்கரா, கேவலியரா?

பிள்ளைகளோடு வீட்டுக்குள் புழங்கி, பெரியவர்களின் காலடியில் படுத்துக்கிடக்கும் நாய் ஒன்று வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்தில் தேடத் தொடங்கும் குடும்பங்கள் பலவும் இரண்டு பெயர்களுக்கு இடையில் வந்து நின்றுவிடுகின்றன: இங்கிலிஷ் காக்கர் ஸ்பேனியல், கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல். இரண்டுக்கும் தொங்கும் காதுகள், பட்டுப் போன்ற மயிர், கேட்டதைக் கொடுக்க வைக்கும் கண்கள். படத்தில் பார்ப்பவருக்கு ஒன்று சற்றுப் பெரியது, மற்றது சிறியது என்பதைத் தவிர வேறுபாடு தெரியாது. கூட வாழ்பவருக்கோ இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரான நாய்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் ஒரு மணி நேரம் நாயோடு வெளியே நடக்க வீட்டில் உறுதியாக ஓர் ஆள் இருந்தால் காக்கரைத் தேர்ந்தெடுப்பதே சரி. அப்படி ஆள் இல்லாத வீட்டுக்குக் கேவலியர் பொருந்தும். ஆனால் அதன் இதயத்துக்காகும் செலவையும் கவலையையும் சுமக்க மனமும் வசதியும் இருந்தால் மட்டுமே. மயிரின் நிறம், முகத்தின் அழகு, பக்கத்து வீட்டார் எதை வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

காக்கர் வேட்டை நாய். புதருக்குள் பதுங்கியிருக்கும் உட்காக் என்னும் பறவையைக் கிளப்பிவிடுவதற்காக இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட சிறிய ஸ்பேனியல்களை, 1893இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்நாட்டின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. கேவலியரின் கதை வேறு. இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் அரண்மனையில் சுற்றித்திரிந்த மடி நாய்கள் பிற்காலத்தில் தட்டையான மூக்குடையவையாக மாறிப்போயின. பழைய ஓவியங்களில் காணும் நீண்ட மூக்குள்ள வடிவத்தை மீட்க விரும்பிய ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், 1926இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அத்தகைய நாய்க்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அதிலிருந்து முளைத்த இனத்துக்கு 1945இல்தான் தனி அங்கீகாரம் கிடைத்தது. மிகச் சில நாய்களை முதலாக வைத்து ஓர் இனத்தை அவசரமாகக் கட்டியெழுப்பியதன் விலையைக் கேவலியர்கள் இன்றுவரை உடலால் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அளவில், நன்கு வளர்ந்த காக்கர் தோள் உயரம் 38 முதல் 41 சென்டிமீட்டர் வரையும், எடை ஏறக்குறைய 13 முதல் 14.5 கிலோ வரையும் இருக்கும். கேவலியர் 5.4 முதல் 8 கிலோ வரைதான். ஆயாவால் தூக்கிக் காரில் வைக்கக்கூடியது கேவலியர். காக்கரைத் தூக்க ஓர் இளைஞர் வேண்டும். நாய்க்கு வயதாகிப் படியேற முடியாமல் போகும் நாளில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

வேட்டைக் குணம் என்பது டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாநிலக் கடற்கரையில் ஏட்டுச் செய்தியன்று. விடியற்காலையில் புல்தரையில் இறங்கிப் புழு தேடும் ஹடீடா என்னும் நீண்ட அலகுப் பறவைக் கூட்டத்தைக் கண்டால் காக்கரின் உடல் முழுவதும் விறைத்து, வால் மட்டும் படபடக்கும். அடுத்த நொடி கதவு திறந்திருந்தால் நாய் தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும். பறவை பறந்துவிடும், தீங்கில்லை. குரங்கு அப்படியல்ல. ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில், சாட்ஸ்வர்த் போன்ற டர்பன் பகுதிகளில் மாமரமும் வாழையும் உள்ள எந்த வீட்டுக்கும் வெர்வெட் குரங்குகள் வருகின்றன. மரத்தில் இருக்கும்வரை அவை நாயைப் பொருட்படுத்துவதில்லை. மூலையில் மடக்கினால், குறிப்பாகக் குட்டியோடு இருக்கும் தாய்க் குரங்கை மடக்கினால், அதன் கோரைப் பற்கள் நாயின் தோலைக் கிழித்துவிடும். காக்கர் மடக்கப் பார்க்கும் நாய். பாம்பும் அவ்வாறே. புதருக்குள் மூக்கை நுழைத்துத் தேடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட நாயை, மொசாம்பிக் நச்சு உமிழும் நாகமும் கருப்பு மாம்பாவும் வாழும் பள்ளத்தாக்குகளை ஒட்டிய வீட்டில் அவிழ்த்துவிட்டு, கண்காணிக்காமல் இருப்பது பொறுப்பற்ற செயல். வேலியோரப் புதர்களை வெட்டிச் சீராக்குவதும், அழைத்தவுடன் திரும்பி வரும் பழக்கத்தைக் குட்டிப் பருவத்திலேயே ஏற்படுத்துவதும் காக்கர் வளர்ப்பவருக்கு விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல, கட்டாயம். நல்லவேளையாக, இந்த இனம் கற்றுக்கொள்வதில் மிகக் கூர்மையானது. ஒரு துண்டு உணவுக்காக எதையும் செய்யும்.

காக்கரிலேயே வேலைக்கான வழி, கண்காட்சிக்கான வழி என இரண்டு பிரிவுகள் இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வேலை வழியில் வந்தது மெலிந்த உடலும் குறைந்த மயிரும் ஓயாத துடிப்பும் கொண்டது. அதற்கு ஒரு மணி நேர நடை தொடக்கம் மட்டுமே. நகரத்துக் குடும்பம் கண்காட்சி வழியில் வந்த குட்டியைத் தேடுவதே நல்லது. அமெரிக்கன் காக்கர் என்பது இன்னும் அடர்ந்த மயிருள்ள வேறு இனம். விற்பவர் வெறுமனே ‘காக்கர்’ என்றால் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேவலியர் குரங்கைத் துரத்தாது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதன் இயல்பான நாட்டம் மனிதர் மீதுதான். யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பக்கத்தில் போய் அதுவும் உட்கார்ந்துகொள்ளும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும், மாலையில் தொலைக்காட்சி பார்க்கும் தாத்தாவுக்கும், வீட்டுக்கு வரும் புதியவருக்கும் அதன் அன்பில் வேறுபாடு இராது. அரை மணி நேர நடை அதற்குப் பெரும்பாலும் போதும். அடுக்ககத்தில் வாழ்பவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அடுக்ககங்களில் நாய் வளர்க்க நிர்வாகக் குழுவின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்பதையும், நியாயமான காரணமின்றி அவர்கள் அதை மறுக்கக் கூடாது என்பதையும் அறிந்துவைத்திருப்பது நல்லது. கேவலியரிடம் ஒரு குறை உண்டு: தனிமையைத் தாங்காது. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய் மாலையில் திரும்பும் வீட்டில், நடைக்கு ஆள் இல்லை என்ற காரணத்தால் மட்டும் கேவலியரை வாங்குவது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை. ஆயாவோ தாத்தாவோ பகலில் இருக்கும் மூன்று தலைமுறை வீடுகள்தாம் இந்த இனத்துக்கு மிகப் பொருத்தமானவை.

இனி இதயம். கேவலியரைப் பற்றிய எந்த ஒப்பீடும் இதில்தான் முடிவாகிறது என்பது என் கருத்து. இந்த இனத்தில் மைட்ரல் வால்வு என்னும் இதய அடைப்பிதழ் வயதோடு தடித்துச் சரியாக மூடாமல் போகிறது. மற்ற நாய்களில் இது முதுமை நோய். கேவலியரில் அது மிக முன்னதாக வருகிறது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய பாதிக் கேவலியர்களுக்கு இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கத் தொடங்குகிறது. பத்து வயதை எட்டுபவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் கேட்கும். முணுமுணுப்பு கேட்டவுடன் நாய் படுத்துவிடும் என்பதில்லை. பல ஆண்டுகள் நலமாக ஓடித் திரியலாம். இதயம் பெரிதாகிவிட்ட, ஆனால் நோய்க்குறி இன்னும் தோன்றாத நிலையில் பைமோபெண்டான் என்ற மருந்தைத் தொடங்கினால், இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் அந்த நிலையைக் கண்டறிய எக்கோ பரிசோதனை வேண்டும். அதன் பிறகு மருந்து வாழ்நாள் முழுவதும், நாளுக்கு இருமுறை. காப்பீடு எடுப்பதாயிருந்தால் முதல் முணுமுணுப்பு பதிவாகும் முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை.

இதில் வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நாய் ஆழ்ந்து உறங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. கனவில் கால் துடிக்கும்போது எண்ணக் கூடாது. அப்போது கணக்கு தப்பாகும். நிமிடத்துக்கு 30க்கு உட்பட்டிருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. நாள்தோறும் எழுதிவரும் எண் தொடர்ந்து 30ஐத் தாண்டத் தொடங்கினால், இருமல் வருவதற்கு முன்பே நுரையீரலில் நீர் சேர்வதைக் காட்டிக்கொடுக்கக்கூடும். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகூட இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடும்.

இதயத்தோடு முடிந்துவிடுவதில்லை. கேவலியரின் மண்டையோடு மூளைக்குப் போதிய இடம் தராத அமைப்பு உடையதாதலால், தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உருவாகும் சிரிங்கோமயீலியா என்ற நோய் இந்த இனத்தில் பரவலாகக் காணப்படுகிறது. கழுத்துப் பட்டை படும் இடத்தில் காரணமின்றிக் காற்றில் சொறிவதும், தூக்கும்போது திடீரெனக் கத்துவதும் அதன் அறிகுறிகள். நார்வேயில் விலங்கு நல அமைப்பு தொடுத்த வழக்கில் ஓஸ்லோ நீதிமன்றம் 2022இல் அளித்த தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், கேவலியர் இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று கூறியிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் அத்தகைய தடை இல்லை. ஆயினும், பணம் கொடுத்து ஒரு குட்டியை வாங்கும்போது அடுத்த ஈற்றுக்கும் நாமே ஊக்கம் கொடுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

காக்கரின் உடல் இவ்வளவு வஞ்சனையானது அன்று. பொதுவாகக் காக்கர்கள் கேவலியர்களைவிடச் சற்றுக் கூடுதல் காலம் வாழ்கின்றன. 12, 13 வயதுக் காக்கர் அரிதன்று. கண்பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோய்க்கும், இளம் வயதிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் பரம்பரை நோய்க்கும் மரபணுச் சோதனைகள் இருப்பதால், பொறுப்பான வளர்ப்பாளரால் அவற்றை முற்றாகத் தவிர்க்க முடியும். கேவலியரின் இதய நோய்க்கு அப்படி ஆம், இல்லை என்று பதில் சொல்லும் எளிய சோதனை இல்லை என்பதே இரண்டு இனங்களுக்கும் இடையிலுள்ள மெய்யான வேறுபாடு.

காக்கரின் தலைவலி அதன் காதுதான். நீண்டு கனத்து, உள்ளும் புறமும் மயிர் அடர்ந்த காது. காற்றே புகாத துளை. அதன் மேல் டிசம்பர் முதல் மார்ச் வரை வியர்த்துக் கொட்டும் டர்பன் ஈரப்பதம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வாரம் ஒருமுறை காதை மேலே மடித்துப் பார்க்க வேண்டும். நலமான காது வெளிர் இளஞ்சிவப்பாக, மணமற்று இருக்கும். காப்பித் தூள் போன்ற பழுப்பு அழுக்கும், புளித்த மாவை நினைவூட்டும் வாடையும் இருந்தால் தொற்று தொடங்கிவிட்டது. மருத்துவர் தரும் காது கழுவும் நீரைத் துளை நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியை வெளிப்புறமாக மெல்லப் பிசைந்து, நாய் தலையை உதற விட்டுவிட்டுப் பஞ்சால் வெளியே வந்ததை மட்டும் துடைக்க வேண்டும். குச்சியை உள்ளே விடவே கூடாது. கடலில் நீந்திய நாளிலும் குளிப்பாட்டிய நாளிலும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். சாப்பிடும்போது காதுகள் சோற்றில் தோயாமலிருக்க வாய் குறுகிய, ஆழமான கிண்ணம் வாங்கினால் பாதி அழுக்கு குறையும். இவற்றோடு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மயிர் கத்தரிக்கும் செலவும் உண்டு. கேவலியருக்கும் தொங்கும் காதுதான், ஆனால் மயிர் அவ்வளவு அடர்த்தியில்லை. வீட்டிலேயே சீப்பால் வாரினால் பெரும்பாலும் போதும்.

காக்கரின் குணத்தைப் பற்றி அவ்வப்போது எழும் ஐயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரே நிறமுடைய காக்கர்கள், குறிப்பாகச் செம்பொன் நிறத்தவை, பல நிறம் கலந்தவற்றைவிட முரட்டுத்தனம் காட்டுவதற்கு வாய்ப்பு மிகுதி என்று 1996இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. இதைக் கேட்டு மஞ்சள் காக்கர் எல்லாம் கடிக்கும் என்று எண்ணுவது தவறு. தாய் நாயைப் போய்ப் பார்க்காமல் குட்டியை வாங்காதே என்று எண்ணுவதே சரி. உணவையோ பொம்மையையோ யாரும் நெருங்கவிடாமல் உறுமும் பழக்கம் காக்கரிடம் கேவலியரைவிட மிகுதி. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை தவழும் வீட்டில் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. அத்தகைய வீட்டுக்கு நான் காக்கரைப் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகள் எட்டு வயதைக் கடந்த வீட்டில் அதைவிட நல்ல விளையாட்டுத் தோழன் கிடைப்பது கடினம்.

இரண்டு இனங்களுக்கும் பொதுவான இடர்களைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். உண்ணியால் பரவும் பேபீசியா, இங்கே எல்லோரும் பிலியரி என்று அழைக்கும் நோய், தென்னாப்பிரிக்காவில் மிகக் கடுமையான வடிவத்தில் இருக்கிறது: உணவை மறுத்தல், வெளுத்த ஈறு, சிவந்த சிறுநீர் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. உண்ணி மருந்தை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுக்க வேண்டும். புல்வெளியில் மிகுதியாகத் திரியும் காக்கருக்கு ஆபத்தும் மிகுதி. வெறிநோய்த் தடுப்பூசி இந்நாட்டில் சட்டப்படிக் கட்டாயம். குவாசுலு-நட்டாலில் அந்நோய் இன்னும் அடங்கவில்லை.

நம் வீடுகளின் வழக்கங்களும் இதில் உண்டு. பாயசத்தில் இருக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய நஞ்சு. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பூசை நாளில் வரும் விருந்தினர் ஒவ்வொருவரும் அன்பாகக் கையளவு ஊட்டினால் 6 கிலோ கேவலியருக்கு அது விரைவில் பேராபத்தாகும். எதையும் விழுங்கும் காக்கரோ யாரும் ஊட்டாமலே குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக்கொள்ளும். புரட்டாசி முழுவதும் இறைச்சியை வீட்டுக்குள் கொண்டுவராத குடும்பங்கள், உலர் நாய் உணவிலும் இறைச்சி உண்டு என்பதை முன்பே பெரியவர்களிடம் பேசி, அதை வெளிக்கொட்டகையில் வைத்து ஊட்டுவதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மாதம் முழுக்கத் தயிர்ச்சோற்றை மட்டும் போட்டு நாயையும் விரதமிருக்க வைப்பது எந்த இனத்துக்கும் ஆகாது. காமாட்சி விளக்கைத் தரையில் ஏற்றிவைக்கும் வீட்டில் காக்கரின் ஓயாத வால் சரியாக அந்த உயரத்தில்தான் ஆடும். விளக்கை உயரமான மாடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

காவலைப் பொறுத்தவரை இரண்டும் ஏமாற்றமே. காக்கர் வாசலில் ஆள் வந்தால் குரைத்துத் தெரிவிக்கும். கேவலியர் திருடனுக்கும் வாலாட்டும். பாதுகாப்புக்கு நாய் தேடுபவர் இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

வாங்கும் இடத்தில் கேட்க வேண்டியவை இனத்துக்கு இனம் மாறும். கேவலியர் விற்பவரிடம், குட்டியின் தாய் தந்தை இரண்டுக்கும் இரண்டரை வயதுக்குப் பிறகு எடுத்த இதயப் பரிசோதனைச் சான்றும், அவற்றின் பெற்றோருக்கு ஐந்து வயதில் முணுமுணுப்பு இல்லை என்ற சான்றும் கேட்க வேண்டும். பொறுப்பான கேவலியர் வளர்ப்பாளர்கள் பின்பற்றும் விதி அதுவே. ‘எங்கள் நாய்களுக்கு ஒன்றுமில்லை, மருத்துவர் பார்த்திருக்கிறார்’ என்ற வாய்ப்பேச்சு சான்றாகாது. காக்கர் விற்பவரிடம் மரபணுச் சோதனை முடிவுகளைக் கேட்க வேண்டும். வாலைப் பார்த்தும் ஒன்றை அறியலாம்: 2008 முதல் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் அழகுக்காக வாலை வெட்டுவதில்லை, ஆகவே வால் வெட்டப்பட்ட காக்கர்க் குட்டியை ஒருவர் விற்றால், அந்த வேலையை யார் செய்தார் என்று கேட்டுவிட்டு அங்கிருந்து கிளம்பிவிடலாம். கென்னல் யூனியன் ஆஃப் சதர்ன் ஆஃப்ரிக்காவின் பதிவுத்தாள் பரம்பரையைச் சொல்லும். உடல்நலத்துக்கு அது உறுதி தராது.

கேவலியர்தான் வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டால், குட்டியைவிட ஐந்து, ஆறு வயது கடந்து இதயம் சுத்தமாக இருக்கும் வளர்ந்த நாயைத் தேடுவதை நான் விரும்புவேன். இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வுபெற்றவற்றை வளர்ப்பாளர்கள் நல்ல வீடுகளுக்குக் கொடுப்பதுண்டு. விலங்கு வதைத் தடுப்பு அமைப்பான எஸ்பிசிஏவின் காப்பகங்களுக்கும் எப்போதாவது ஸ்பேனியல்கள் வந்து சேர்வதுண்டு. அந்த வயதில் இதயம் எப்படி இருக்கிறது என்பது ஊகமல்ல, காதால் கேட்டறியக்கூடிய உண்மை. வீட்டில் பெரியவர்களுக்குக் குட்டியின் பல்லுக்கும் சிறுநீருக்கும் பின்னால் ஓடும் வேலையும் மிச்சம்.

எந்த இனமானாலும் குட்டியைத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். எட்டு வார வயதில் தாயைப் பிரிந்து வந்த குட்டி, புதிய இடத்தில் முதல் வாரமே இரவு முழுவதும் வெடிச் சத்தத்தைக் கேட்டால் அந்த அச்சம் பல ஆண்டுகள் அதன் உடலில் தங்கிவிடக்கூடும். நவம்பர் 5ஆம் நாள் வெடி வெடித்துக் கொண்டாடும் கை ஃபாக்ஸ் இரவும், டிசம்பர் இறுதியில் புத்தாண்டு வெடிகளும் அடுத்தடுத்து வருவதால், வளர்ப்பாளரிடம் பேசிக் குட்டி சனவரி நடுப்பகுதிக்குப் பிறகு வருமாறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அப்போது அடுத்த தீபாவளிக்குள், பதிவு செய்த வெடிச் சத்தத்தை முதலில் மெதுவாகவும் பிறகு சற்று உரக்கவும், உணவு கொடுக்கும் நேரங்களில் ஒலிக்கச்செய்து பழக்குவதற்கு ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் கிடைக்கும்.